வாளின் வயதும் வாய்ச்சொல்லின் வயதும்

யாழ்ப்பாணத்துச் செய்திகளில் இப்போதெல்லாம் 'வாள்' என்ற சொல்லைக் கண்டாலே, அடுத்து வரப்போகும் சொல் 'வெட்டு' என்று வாசகரின் மனம் தானாகவே கூட்டிக்கொள்கிறது. இரும்புத் தகட்டை அடித்துக் கூராக்கிய ஆயுதங்களோடு இளைஞர் குழுக்கள் வீடு புகுவதும், அவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டவற்றைப் பொலிஸார் மேசையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பதும் வழக்கமான செய்திகளாகிவிட்டன. அதன் விளைவு ஒன்றைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதாகத் தெரியவில்லை. பரம்பரையாக ஒரு பழைய வாளை வீட்டில் வைத்திருப்பவர்கள் இப்போது அதை வெளியே காட்ட அஞ்சுகிறார்கள். அச்சம் முற்றினால், இரவோடிரவாக அது கிணற்றுக்கோ கடலுக்கோ போய்விடுகிறது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளை அடுத்து, மே மாதத்தின் முதல் வார இறுதிக்குள் வாள்களையும் பெரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையங்களில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று இலங்கைப் பொலிஸார் அறிவித்தார்கள். அன்றைய பதற்றத்தில் அப்படியோர் அறிவிப்பு வந்ததைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், ஒப்படைக்கப்படும் குவியலில் நேற்று அடித்த இரும்பு எது, இருநூறு ஆண்டு கண்ட இரும்பு எது என்று பிரித்துப் பார்க்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு எழுந்தது? நாமாவது அதைக் கேட்டோமா?

பழைய வாள்களுக்கு அச்சம் ஒரு பகை என்றால், பெருமை மற்றொரு பகை. முன்னது பொருளையே அழிக்கிறது. பின்னது பொருளை விட்டுவிட்டு அதன் வரலாற்றை அழிக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது பகையைப் பற்றியது.

மயிலிட்டியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தினர், இப்போது கனடாவில் வாழ்பவர்கள், சில காலத்துக்கு முன்னர் எனக்கு மின்னஞ்சலில் ஏழெட்டுப் படங்களை அனுப்பியிருந்தார்கள். 1990 ஜூனில் ஊரே இடம்பெயர்ந்தபோது, அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வாளுக்கு மண்ணெண்ணெய் பூசி, பழஞ்சீலையில் சுற்றி, பொலித்தீன் உறையில் இட்டு, கிணற்றடியில் புதைத்துவிட்டுப் புறப்பட்டாராம். அதன் பின்னர் மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 3ஆம் திகதிதான் மயிலிட்டித் துறைமுகமும் அதனை ஒட்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. ஊர் திரும்பிய உறவினர்கள் தங்கள் வளவைத் தேடிப் போனபோது வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது. பெரியம்மா சொல்லிவைத்த காலடிக் கணக்கைப் பிடித்துத் தோண்டினார்கள். சீலை மக்கிப் போயிருந்தது. வாள் கறள் மூடிக் கிடந்தது.

அவர்களுடைய கேள்வி ஒன்றேதான்: "ஐயா, இது சங்கிலியன் காலத்து வாளா?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பத்திரிகையில் பணியாற்றிய காலம் தொட்டு இதே கேள்வியோடு வந்தவர்கள் பலர். கத்தி, வேல், கட்டாரி, பீரங்கிக் குண்டு என்று கையில் இருப்பது எதுவானாலும் அது சங்கிலியனுடையதாகவோ, பண்டாரவன்னியனுடையதாகவோ இருந்தாக வேண்டும். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, இரண்டாம் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றார்கள். அதற்குப் பின்னர் 1658 வரை போர்த்துக்கேயர், 1795 வரை ஒல்லாந்தர், 1948 வரை பிரித்தானியர் என்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்த முந்நூறு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் எவரும் வாள் வைத்திருக்கவே இல்லையா? கொல்லன் எவனும் இரும்பை அடிக்கவே இல்லையா? நம்முடைய கேள்வியே அந்த மூன்று நூற்றாண்டுகளையும் அவற்றில் வாழ்ந்த நம் முன்னோரையும் ஒரே வீச்சில் வெட்டி எறிந்துவிடுகிறது.

ஒரு வாள் எங்கே பிறந்தது என்பது பார்வைக்கு எளிய கேள்வி. ஆனால் ஒரு வாளுக்கு நான்கு பிறப்பிடங்கள் இருக்கக்கூடும். இரும்பு உருகிய இடம் ஒன்று. அலகு அடிக்கப்பட்ட இடம் இன்னொன்று. கைப்பிடி பூட்டப்பட்ட இடம் மூன்றாவது. அதை இடையில் செருகியவன் வாழ்ந்த இடம் நான்காவது. நான்கும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

தென்னிந்திய வாள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின்னர் ஐரோப்பாவிலிருந்து வாள் அலகுகள் கப்பல் கப்பலாக இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கின. நம் நாட்டுக் கைவினைஞர் அவற்றுக்கு நம் நாட்டுக் கைப்பிடியைப் பூட்டினார்கள். 'பறங்கி' என்ற சொல்லோடு உறவுடைய 'பிரங்கி' என்ற பெயராலேயே அத்தகைய வாள்கள் இந்தியாவில் அழைக்கப்பட்டன. சரி, அலகில் ஐரோப்பியப் பட்டறையின் முத்திரை இருந்தால் அது ஐரோப்பாவில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. ஐரோப்பிய அலகுக்குச் சந்தையில் மதிப்பு இருந்ததால், இத்தாலிய அலகுகளில் காணப்படும் அரிவாள் போன்ற இரட்டைப் பிறை முத்திரையை இந்தியக் கொல்லரும் தங்கள் அலகுகளில் குத்தினார்கள். போலி வியாபாரச் சின்னம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல!

இதன் மறுபக்கமும் உண்டு. ஐரோப்பியர் வியந்து ஆராய்ந்த 'வூட்ஸ்' உருக்கின் பெயர், நமது 'உருக்கு' என்ற சொல்லின் குடும்பத்திலிருந்து போனது என்பதே அறிஞர் பலரின் கருத்து. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலிலும், தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் மூசையில் உருக்கு ஆக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. இலங்கையின் சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்தி இரும்பு உருக்கிய உலைகளை கில் ஜூலெப் என்ற பிரித்தானிய ஆய்வாளர் கண்டறிந்து, 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அவை ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையான காலத்தவை. யாழ்ப்பாணத் தமிழ் வேர் கொண்ட ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில், அழிந்துகொண்டிருந்த உள்ளூர் இரும்பு, உருக்குத் தொழிலை நேரில் கண்டு பதிவு செய்தார். 1908இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், இலங்கை வாள்களையும் கத்திகளையும் படிக்க விரும்புபவர்களுக்கு இன்றும் முதற் படியாக இருக்கிறது.

இலங்கைக்கே உரிய வாள் என்றால் அது 'கஸ்தானே'. சற்றே வளைந்த குறுவாள். கைப்பிடியின் தலையில் சிங்கமுகம்; கைக்காப்பின் முனைகளில் மகர முகங்கள். இதன் அலகுகளிலும் ஐரோப்பாவில் செய்யப்பட்டவை உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை குத்தியவையும் உண்டு. இந்த வகை வாள் எப்போது தோன்றியது? இதற்கான மிக உறுதியான சான்றுகளுள் ஒன்று இருப்பது இலங்கையில் அல்ல, ஜப்பானில்.

ஹசெகுரா சுனெனாகா என்ற ஜப்பானியத் தூதர் 1613இல் புறப்பட்டு, ஸ்பெயினுக்கும் ரோமுக்கும் போய், திரும்பும் வழியில் மணிலாவில் தங்கி, 1620இல் நாடு திரும்பினார். தம் பிரபுவுக்கு அவர் கொடுத்த பொருள்களில் இரண்டு குறுவாள்கள் இருந்தன. ஒன்று கிழக்கிந்தியத் தீவுகளுக்குரிய 'கிரிஸ்'. மற்றொன்று இலங்கைக் கஸ்தானே. இரண்டும் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; அந்தத் தூதுக்குழு சார்ந்த பொருள்களோடு சேர்த்து 2001இல் ஜப்பானின் தேசியப் புதையலாக அறிவிக்கப்பட்டன. இதன் பொருள் என்ன? இலங்கை வாள் ஒன்று, யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த மறு ஆண்டிலேயே ஜப்பானில் இருந்திருக்கிறது. கஸ்தானே வடிவம் 1620க்கு முற்பட்டது என்பதை இனி எவரும் மறுக்க முடியாது. இதனைச் சொல்வது இரும்பும் அல்ல, சிங்கமுகமும் அல்ல. அந்த வாளோடு கூடவே காப்பாற்றப்பட்ட ஒரு பதிவு.

கிரிஸ் என்றதும் பிலிப்பைன்ஸின் தென்பகுதித் தீவுகளான மிண்டனாவோ, சூலு பகுதிகளைச் சேர்ந்த மோரோ முஸ்லிம்களின் வாள்கள் நினைவுக்கு வருகின்றன. பாம்பு நெளிவது போன்ற கிரிஸ், இலை வடிவான பாரோங், நீண்ட கம்பிலான் ஆகியவற்றின் பூர்வீகத்தையும் வயதையும் கண்டறிவதில் சேகரிப்பாளர்களும் ஆய்வாளர்களும் காட்டியுள்ள பொறுமை நமக்கு ஒரு பாடம். மோரோ கிரிஸின் அலகு, கைப்பிடியைச் சேரும் இடத்தில் அகன்று விரியும். அந்த அகன்ற பகுதிக்கு 'கங்யா' என்று பெயர். பழைய வாள்களில் கங்யா தனித் துண்டாகச் செய்து பொருத்தப்பட்டது. அந்தப் பொருத்தின் கோடு நேராக ஓடினால் முந்திய காலம்; முனையில் சரிந்து இறங்கினால் பிந்திய காலம்; பொருத்தே இல்லாமல், ஒரே இரும்பில் கோடு மட்டும் கீறி ஏமாற்றியிருந்தால் இருபதாம் நூற்றாண்டு. விரல் நுனியளவு இடத்தில் ஓடும் ஒரு கோட்டிலிருந்து இவ்வளவையும் வாசித்துவிடுகிறார்கள். கைப்பிடியின் வடிவமும் செதுக்கு வேலையும் அது சூலுவா, மகிண்டனாவோவா, மரனாவோவா என்று சொல்லிவிடுகின்றன.

இப்படி வாசிக்க முடிவதற்கு ஒரு கசப்பான காரணமும் இருக்கிறது. அமெரிக்கர் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய பின்னர், 1906இல் பூட் டாஜோவிலும் 1913இல் பூட் பக்சாக்கிலும் மோரோக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கப் படையினர் பலர் வாள்களை நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். சிலர் எந்த ஆண்டு, எந்தத் தீவு என்று ஒரு சீட்டும் எழுதிக் கட்டிவைத்தார்கள். பறித்தவன் எழுதிய சீட்டுத்தான் இன்று பறிகொடுத்தவனின் வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது. நம்மிடம் வாளும் கதையும் இருக்கின்றன, சீட்டு இல்லை.

மோரோ என்ற பெயரையே கவனியுங்கள். வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு ஐபீரியர் வைத்திருந்த பெயரை ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் மேல் ஒட்டினார்கள். அதே பெயரைப் போர்த்துக்கேயர் நமது சோனகர் மேல் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் அது 'மூர்' ஆகி, இலங்கையின் அரச பதிவேடுகளில் இன்றும் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு கடற்கரை மக்களுக்குப் புறத்தார் ஒரே சீட்டைக் கட்டிவிட்டார்கள். பெயர்ச்சீட்டு பிறப்பைச் சொல்வதில்லை. ஒட்டியவனின் பார்வையையே சொல்கிறது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சீட்டுக்கும் இது பொருந்தும். நம் வீட்டுத் திண்ணையில் சொல்லப்படும் கதைக்கும் இது பொருந்தும்.

தமிழகத்தில் நிகழ்ந்த பேரிழப்பு தஞ்சாவூரில் நேர்ந்தது. மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்த பின்னர், அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த ஆயுதங்கள் கலைக்கப்பட்டன. சிறந்தவை எனத் தெரிவு செய்யப்பட்டவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மிகுதியில் பெரும் பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. தப்பியவற்றை வைத்துக்கொண்டு ரொபேர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட விரிவான நூலைப் புரட்டினால், நாயக்கர் காலத்துக் கட்டாரிகளின் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, உடைத்து விற்கப்பட்ட அந்தக் குவியலைப் பற்றித்தான். எது எந்தப் போரில் வந்தது, எது எந்தக் கொல்லன் கையால் ஆனது என்று அந்த ஆயுதசாலைக் காவலர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் எவரும் கேட்டு எழுதவில்லை.

இனி மயிலிட்டிக்கு வருவோம். வாள் பழையது என்பதற்கு அந்தக் குடும்பத்தார் காட்டிய முதற் சான்று கறள். "எவ்வளவு அரித்திருக்கிறது பாருங்கள், நானூறு வருஷமாவது இருக்கும்" என்று எழுதியிருந்தார்கள். கறள் வயதைச் சொல்லாது. அது இருந்த இடத்தைத்தான் சொல்லும். மயிலிட்டி கடலோர ஊர். அங்கே காற்றிலும் மண்ணிலும் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு இரும்புக்குள் புகுந்துவிட்டால் மேலே மூடிய கறளுக்கு அடியிலும் அரிப்பு நிற்காது. குழி குழியாக உள்ளே தின்னும். கடற்கரை மண்ணில் இருபத்தேழு ஆண்டு கிடந்த இரும்பு, வறண்ட மலைநாட்டு அரண்மனையில் முந்நூறு ஆண்டு தொங்கிய இரும்பைவிடக் கிழமாகத் தோன்றும். பழம்பொருள் வியாபாரிகள் சிலருக்கு இது நன்றாகத் தெரியும். புது வாளை உப்பு நீரில் நனைத்து மண்ணில் புதைத்து எடுப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

அப்படியானால் அறிவியல் உதவாதா? உதவும், ஆனால் அதுவும் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். பித்தளைக் கைப்பிடியில் நாகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து காலம் கணிப்பது ஐரோப்பாவில் ஒரு வழி. பழைய முறையில் செய்த பித்தளையில் நாகத்தின் பங்கு ஏறத்தாழ முப்பது விழுக்காட்டைத் தாண்டுவது அரிது என்பதால், அதற்கு மேல் இருந்தால் பிந்திய காலம் என்பார்கள். இந்த விதி நம் நாடுகளில் அப்படியே செல்லுபடியாகாது. இராஜஸ்தானத்துச் சாவாரில் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே நாகத்தை வடித்தெடுத்தார்கள். ஐரோப்பிய அளவுகோலை வைத்து நம் பொருளை அளந்தால் தவறான விடையே கிடைக்கும்.

கரிமக் காலக்கணிப்பும் அப்படித்தான். மரக்கரியில் உருக்கிய இரும்பு அந்த மரத்தின் கரிமத்தைத் தன்னுள் வைத்திருக்கும். அதை வைத்துக் காலம் கணிக்கலாம். நிலக்கரியில் உருக்கிய இரும்பாக இருந்தாலோ, நிலக்கரியின் பல கோடி ஆண்டுகள் உள்ளே கலந்துவிடும்; நேற்றைய இரும்பும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை காட்டும். விவரம் அறியாதவர் கையில் அந்தத் தாள் அகப்பட்டால், அடுத்த நாளே "உலகின் மிகப் பழைய வாள் யாழ்ப்பாணத்தில்" என்று தலைப்புச் செய்தி வந்துவிடும்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை உலகத் தமிழரையெல்லாம் மகிழ்வித்தது. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாக அது கூறியது. மகிழ்ந்த பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் காலம் இரும்பின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. ஈமத்தாழிகளிலும் குழிகளிலும் இரும்போடு கூடக் கிடந்த கரியையும் மட்பாண்ட ஓட்டையும் கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களில் கணிக்கப்பட்டது. இரும்பு கிடந்த இடம் கலையாமல் இருந்தது; அதனால்தான் கணிக்க முடிந்தது. கிடந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுத்த இரும்பு, பிறப்புச் சான்றிதழைக் கிழித்தெறிந்த அநாதைக்குச் சமம்.

மயிலிட்டி வாளைப் படங்களில் பல கோணங்களில் பார்த்தேன். மேலும் சில படங்களைக் கேட்டுப் பெற்றேன். இத்துறையில் பழக்கமுள்ள ஒரு நண்பரோடும் கலந்து பேசினேன். வடிவம் ஐயத்துக்கு இடமின்றிக் கஸ்தானே. அலகு மெல்லியது; ஒருநாளும் சாணை பிடிக்கப்படாதது. அதன் நீளவாக்கில் ஓடும் பள்ளம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில், இயந்திரத்தின் ஒழுங்கோடு ஓடுகிறது. சிங்கமுகம் அச்சில் வார்க்கப்பட்டது. வார்த்த பின்னர் உளி பட்ட தடம் மிகக் குறைவு. பித்தளையின் மடிப்புகளில் வெள்ளி முலாமின் எச்சம் தெரிகிறது. போருக்குப் போன வாள் அல்ல இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரித்தானியர் ஆட்சியில், அரச உத்தியோகத்தின் அடையாளமாக இடுப்பில் அணியச் செய்யப்பட்ட வாள். முதலியார்களின் உத்தியோக உடையில் இத்தகைய வாள் ஓர் அங்கமாக இருந்தது.

அதை அவர்களுக்கு எழுதியபோது கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன். உங்கள் குடும்பத்தில் எவராவது பிரித்தானியர் காலத்தில் தலைமைக்காரர் பதவி வகித்தார்களா? இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பிரான்சிலுள்ள ஒரு மச்சாளின் வீட்டு அல்பத்தில், பெரியம்மாவின் பாட்டனார் நீண்ட கோட்டு அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் பழைய படம் ஒன்று இருக்கிறதாம். இடுப்பில் வாள். பெரிதாக்கிப் பார்த்தால் சிங்கமுகம் தெரிகிறது. 1990இல் ஓர் உரப்பையில் உடுப்புகளோடு உடுப்பாக வந்து, வன்னிக்குப் போய், இந்தியாவுக்குப் போய், பாரிஸ் போய்ச் சேர்ந்த படம் அது.

அவர்களுக்கு ஏமாற்றந்தான். நானூறு ஆண்டு நூற்றைம்பது ஆண்டு ஆகிவிட்டது. மன்னன் போய் ஓர் உத்தியோகத்தர் வந்துவிட்டார். அதிலும் வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்தவர்! "இதை வெளியில் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சங்கிலியனின் வாள் என்றால் அது எல்லோருக்கும் பொது; எவர் வீட்டிலும் இருக்கலாம்; சான்றும் வேண்டாம். இந்த வாளோ ஒரு குறிப்பிட்ட மனிதருடையது. அவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, வளவு உண்டு, கிணறு உண்டு. மயிலிட்டியில் இன்ன இடத்தில் இன்ன குடும்பம் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்தது என்பதற்கு அது சாட்சி. வீடுகள் தரைமட்டமான ஓர் ஊரில், காணி எல்லைகளே அழிந்துபோன ஓர் ஊரில், மன்னர் கதையைவிட அந்தச் சாட்சி பெறுமதி வாய்ந்தது.

"மீள்குடியேற்றமே முற்றுப்பெறவில்லை, இந்த நிலையில் துருப்பிடித்த வாளுக்கு என்ன அவசரம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால், காணி கேட்டுப் போகும்போது உறுதி எங்கே என்றுதான் கேட்கிறார்கள். உறுதியை இழந்தவர்கள் வேறு எதைக் காட்டி நின்றார்கள்? பழைய படம், கலியாணப் பதிவு, கோயில் உபயப் பட்டியல், பாடசாலைச் சான்றிதழ். வாழ்ந்ததற்கான தடயங்களைக் காப்பாற்றுவதும் வாழும் உரிமையைக் காப்பாற்றுவதும் இரு வேறு வேலைகள் அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நாம் கற்ற பாடம் அது.

எழுத்துப் பதிவு என்ன செய்யும் என்பதற்கு அண்மைய உதாரணம் கண்டிப் பீரங்கி. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற அந்தச் சிறு பீரங்கியும், பொன் கஸ்தானே ஒன்றும், வெள்ளிக் கஸ்தானே ஒன்றும், ஒரு கத்தியும், இரண்டு துப்பாக்கிகளும் அம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தன. பீரங்கி 1740களில் லெவ்கே திசாவையால், நாயக்க வம்சத்து மன்னரான ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்கு வழங்கப்பட்டது. ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இரு நாட்டு ஆய்வாளர்களும் கூடிப் பூர்வீகம் கண்ட அறிக்கை 2022இல் வெளியாயிற்று. 2023 டிசம்பரில் ஆறு பொருள்களும் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. மேடைப் பேச்சினால் அவை திரும்பவில்லை. சான்றினால் திரும்பின. யாழ்ப்பாணத்திலிருந்து போனவற்றை நாம் ஒருநாள் கேட்பதாக இருந்தால், அப்போது கையில் என்ன வைத்திருக்கப் போகிறோம்?

எனவே, பழைய வாளோ கத்தியோ வைத்திருப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவது, தேய்க்காதீர்கள். கிரைண்டரும் உப்புத்தாளும் எலுமிச்சம்பழமும் முத்திரையையும் உருக்கின் நெளிவுகளையும் சில நிமிடங்களில் அழித்துவிடும். மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் படாத இடத்தில் வைத்தாற் போதும். இரண்டாவது, முழு நீளம், கைப்பிடியின் இரு பக்கம், அலகும் பிடியும் சேரும் இடம், முத்திரை இருந்தால் அது என்று அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். மூன்றாவது, வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் இன்றே அமர்ந்து கேளுங்கள். யாரிடமிருந்து வந்தது, எங்கே தொங்கியது, யார் தொட்டார்கள், எந்த நாளில் பூசை செய்தார்கள் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். "சங்கிலியனுடையது" என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள்; ஆனால் 'அவர் சொன்னார்' என்று சேர்த்து எழுதுங்கள்.

நான்காவது, அந்தப் பதிவைப் பொதுவில் சேருங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் நூல்களையும் பத்திரிகைகளையும் எவ்வளவு பொறுப்போடு காத்துவருகிறது என்பதை உலகத் தமிழர் அறிவர். பொருள்களின் படமும் வாய்மொழியும் அதே கவனத்தோடு ஓரிடத்தில் சேர வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் பயிலும் மாணவர்களை ஊருக்கு ஒருவராக அனுப்பினாலே சில ஆண்டுகளில் ஒரு பட்டியல் உருவாகிவிடும். பொலிஸாரும் தொல்பொருள் திணைக்களமும் கூடி, பரம்பரை வாள்களை வீட்டார் அச்சமின்றிப் பதிவு செய்ய ஒரு வழியைத் திறக்க வேண்டும்.

ஐந்தாவது, பெட்டியில் ஒளித்து வெளிநாட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தொல்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ரொறன்ரோவின் வரவேற்பறைச் சுவரில் அது ஓர் அலங்காரம். அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு அது 'தாத்தா வீட்டு இரும்பு'. அதற்கும் அடுத்த தலைமுறையில் ஏலத்துக்கு வரும். "தென்னாசியா, பத்தொன்பதாம் நூற்றாண்டு" என்று எவரோ ஒருவர் சீட்டு எழுதுவார். மயிலிட்டி என்ற சொல் அந்தச் சீட்டில் இருக்காது.

சீட்டை நாமே எழுதிவிடுவோம். பெரிய பெயர்கள் வேண்டாம். ஊர், வளவு, ஆள், ஆண்டு. இவ்வளவும் உண்மையாக இருந்தால் போதும். இரும்பு எப்படியும் ஒருநாள் கறளாகிப் போகும். அதற்கு முன்னர் அது தெரிவிக்க வந்ததைக் கேட்டு எழுதிவைக்க நமக்கு இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது; கேட்பதற்குரிய மூத்தவர்களுக்குத்தான் காலம் அதிகம் இல்லை.